வடசென்னையில் வீடு, மனை: உங்கள் பக்கம் நிற்கும் புரோக்கரைப் பிடிப்பது எப்படி?

வடசென்னையில் புரோக்கர் என்றால் டீக்கடை வைத்திருப்பவராக இருக்கலாம், பத்திர எழுத்தரிடம் உதவிக்கு நிற்பவராக இருக்கலாம், கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட ஆபீஸ்காரராகவும் இருக்கலாம். ஆபீஸைப் பார்த்து ஆளை எடைபோட முடியாது. முதலில் பார்க்க வேண்டியது அவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதைத்தான். இங்கே நடைமுறையில் புரோக்கர் வாங்குபவர் பக்கமும் இல்லை, விற்பவர் பக்கமும் இல்லை. வியாபாரம் முடிய வேண்டும் என்பதன் பக்கம். இரண்டு தரப்பிலும் கமிஷன் வாங்குவது வழக்கம். வழக்கம் என்பதால் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உங்களுக்காகப் பேரம் பேசுகிறார் என்று நம்பி அவரிடம் உங்கள் பட்ஜெட்டின் கடைசி ரூபாயைச் சொன்னால், அது அன்று மாலையே ஓனர் காதுக்குப் போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். ஓனர் 60 லட்சம் கேட்கும் தண்டையார்பேட்டை வீடு. 2 சதவீதம் என்றால் உங்களிடமிருந்து புரோக்கருக்கு 1,20,000 ரூபாய். அவர் மெனக்கெட்டு 57 லட்சத்துக்குக் குறைத்துக் கொடுத்தால் 1,14,000தான் வரும். உங்களுக்கு 3 லட்சம் மிச்சம், அவருக்கு 6,000 நஷ்டம். ஓனரிடமும் 2 சதவீதம் பேசியிருந்தால் நஷ்டம் 12,000. இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு "எனக்காகக் குறைத்துப் பேசு" என்று கேட்பதில் அர்த்தமில்லை. வாங்குபவராக இருந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு ஒரு நிலையான தொகை பேசுங்கள். கேட்ட விலையிலிருந்து குறைக்கிற ஒவ்வொரு லட்சத்துக்கும் கூடுதலாக 5,000 என்று சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு ஒத்துக்கொள்ளும் புரோக்கர்கள் குறைவு. ஒத்துக்கொள்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

கமிஷன் விகிதத்துக்கு அரசு நிர்ணயம் எதுவும் இல்லை, பேசி முடிப்பதுதான். விற்பனைக்கு ஒரு தரப்பிடம் 1 முதல் 2 சதவீதமும், வாடகைக்கு ஒரு மாத வாடகையும் வழக்கத்தில் உள்ளவை. ஜிஎஸ்டி பதிவு உள்ள ஏஜென்ட் என்றால் கமிஷன் மேல் 18 சதவீதம் வரும். அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரெரா எண் எங்கே உதவும், எங்கே உதவாது

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, அதன் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவான திட்டத்தில் மனையோ ஃபிளாட்டோ விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டும் தன் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் ஏஜென்ட் பட்டியல் இருக்கிறது. எண்ணை வாங்கி அங்கே தேடுங்கள். பதிவு 5 ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால் காலாவதித் தேதியையும் பாருங்கள். விசிட்டிங் கார்டில் எண் இருந்து பட்டியலில் பெயர் வேறாக இருந்தால், அது முதலாளியின் எண்ணாக இருக்கலாம், யாரோ ஒருவருடையதாகவும் இருக்கலாம். விதியை மீறும் ஏஜென்ட்டுக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஆனால் நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத திட்டங்களுக்கும், 8 வீடுகளைத் தாண்டாத திட்டங்களுக்கும் ரெரா பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது கிட்டத்தட்ட இரண்டே கால் கிரவுண்ட். பெரம்பூர், கொளத்தூர், புதுவண்ணாரப்பேட்டைத் தெருக்களில் ஒரு கிரவுண்டில் ஆறு வீடு கட்டும் சின்ன பில்டர்கள் இந்த விலக்குக்குள் வந்துவிடுகிறார்கள். பழைய வீடு கைமாறுவதும் அப்படித்தான். இங்கே நடக்கும் வியாபாரங்களில் பெரும் பகுதிக்கு ரெரா எண் பாதுகாப்பு தராது. அதனால் "ரெரா இருக்கு சார்" என்பதோடு விசாரணையை நிறுத்திவிடக் கூடாது.

நேரடிப் பார்ட்டியா, சங்கிலியா?

ஒரே வீட்டின் போட்டோ நான்கு வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு விலையில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓனருக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று பேர் இருந்தால் கமிஷனை மூன்றாகப் பிரிக்க வேண்டும். போதாதபோது விலையில் ஏற்றுவார்கள். முதல் போனிலேயே கேளுங்கள்: "டைரக்ட் பார்ட்டியா? நடுவில் எத்தனை பேர்? ஓனர் சொன்ன விலை என்ன?" வீட்டைப் பார்க்கும்போது ஓனரோ குடும்பத்தாரோ இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முன்பணம் பேசும் வரை ஓனரைக் கண்ணிலேயே காட்டாதவர், விலையின் மேல் தனக்கென்று ஒரு தொகை வைத்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஓனருடைய எண்ணை உடனே தர மறுப்பது வேறு விஷயம். தன்னைத் தாண்டிப் போய்விடுவீர்களோ என்ற பயம் அது, நியாயமானதும்கூட. அந்தப் பயத்தை எழுத்து ஒப்பந்தம் போட்டுத் தீர்க்கலாம்.

ஏரியா தெரிந்தவரா என்று சோதிக்கும் கேள்விகள்

பதிலைச் சரிபார்க்க முடிகிற கேள்விகளை மட்டும் கேளுங்கள். "நல்ல ஏரியாவா?" என்று கேட்டால் நல்ல ஏரியா என்றுதான் பதில் வரும்.

முதல் கேள்வி, நிலம் யாருடையது. திருவொற்றியூரைச் சுற்றிக் கோயில் நிலம் இருக்கிறது. கோயில் நிலத்தில் வீடு மட்டும் தனியாருடையது, அடிமனை கோயிலுடையது என்ற நிலை உண்டு. அறநிலையத் துறை அனுமதியில்லாமல் அந்த மனையை யாரும் கிரயம் எழுதித்தர முடியாது. வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டையில் முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டு வீடுகள் உண்டு. வாரியம் கிரயப் பத்திரம் கொடுத்துவிட்டதா, ஒதுக்கீட்டு ஆணையோடு நிற்கிறதா என்று கேளுங்கள். "ஒதுக்கீட்டு ஆர்டர் இருக்கு, பவர் எழுதிக் கொடுத்துடுவாங்க, ஒண்ணும் பிரச்சினை இல்லை" (பவர் என்றால் ஒருவர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம்) என்பவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆவணங்களின் பெயர்கள் தெரிகிறதா. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நகராட்சிகள் 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தன. பழைய பத்திரங்களில் கிராமச் சர்வே எண், வரி ரசீதில் பழைய கதவு எண், இப்போதைய ஆவணத்தில் நகர நிலஅளவை எண் என்று மூன்றும் மூன்று விதமாக இருக்கும். மூன்றையும் பொருத்திக் காட்டத் தெரிந்தவர் வேலை தெரிந்தவர். தெரியவில்லை, வக்கீலிடம் கேட்கலாம் என்று சொல்பவரும் பரவாயில்லை. "அதெல்லாம் தேவையில்லை சார்" என்பவர் வேண்டாம்.

மூன்றாவது, வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்குப் போட்டிருக்கிறார். 13 வருடம் போட்டுக் காட்டுவது பழைய பழக்கம். குறைந்தது 30 வருடத்துக்குக் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம் என்பதால், புரோக்கர் கொடுத்த நகலை மட்டும் நம்பத் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். பதியாத உயில், பாகம் கேட்டு நடக்கும் வழக்கு, வாரிசுச் சான்றில் பெயர் இருந்தும் கையெழுத்துப் போடாத அக்கா, இவை எதுவும் வராது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை போன்ற பழைய பகுதிகளில் தாத்தா பெயரிலேயே நிற்கும் வீடுகள் நிறைய. "வாரிசு எத்தனை பேர், எல்லாரும் கையெழுத்துக்கு வருவார்களா?" என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒரு புரோக்கர் சொன்னால், அவரிடம் தொடர்ந்து பேசலாம்.

நான்காவது, தண்ணீர். இரண்டு விதமாகவும். பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் மணலி புதுநகர்ப் பக்கம் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது என்று புரோக்கரிடம் கேளுங்கள். பிறகு எதிர்வீட்டிலும் கேளுங்கள். இரண்டு பதிலும் அரை அடிக்குள் ஒத்துப்போனால் ஆள் உண்மை பேசுகிறார். போர் தண்ணீர் உப்பா, மெட்ரோ வாட்டர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, லாரித் தண்ணீர் வாங்க வேண்டுமா என்பதையும் இதே போல இரண்டு இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஃபிளாட் என்றால் பிரிக்கப்படாத பாகத்தை, அதாவது மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் நிலப் பங்கைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 2,400 சதுர அடி மனையில் ஆறு வீடு, ஒவ்வொன்றுக்கும் 400 என்றால் கூட்டல் சரி. ஆறு பேருக்கும் 400 எழுதிவிட்டு, பில்டர் மாடியில் ஏழாவது வீடு எழுப்பி விற்றிருந்தால் கூட்டல் இடிக்கும். மற்ற வீட்டுப் பத்திரங்களின் பாக அளவை எடுத்துத் தரச் சொன்னால், வேலை செய்கிற புரோக்கர் பதிவு எண்களையாவது கொண்டுவருவார்.

மெட்ரோ பற்றிய பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியிலிருந்து ரயில் ஓடுகிறது. அந்தப் பக்கம் தூரத்தை நடந்தே அளந்துவிடலாம். மாதவரத்திலிருந்து கிளம்பும் இரண்டாம் கட்டப் பாதைகளைச் சொல்லி விலை ஏற்றுபவரிடம், அந்த மனை கையகப்படுத்தும் வரம்புக்குள் வருகிறதா என்று திருப்பிக் கேளுங்கள்.

வீட்டை அவர் எந்த நேரத்தில் காட்டுகிறார் என்பதையும் கவனியுங்கள். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலை அமைதியாகத்தான் இருக்கும். வேலை நாளில் இரவு எட்டு மணிக்குக் கன்டெய்னர் லாரி வரிசையில் நிற்கும்போது ஒருமுறை, கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு பக்கம் என்றால் காற்று அடிக்கும் மாலையில் ஒருமுறை கூட்டிப்போகச் சொல்லுங்கள். சாக்குச் சொல்லாமல் வருகிறாரா என்று பாருங்கள்.

பழைய வாடிக்கையாளர் இருவரிடம் பேசுங்கள். அதில் ஒருவர் வாங்கி ஒரு வருடமாவது ஆனவராக இருக்க வேண்டும். "நல்லவரா?" என்று கேட்காமல், "பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? சொத்து வரி, மின் இணைப்பு மாறியதா? அதற்கு அவர் வந்தாரா?" என்று கேளுங்கள். பதிவு நாளோடு காணாமல் போகும் புரோக்கர்கள்தான் அதிகம்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். தயங்குகிறவர்களிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பி, சரி என்ற பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் இவை வர வேண்டும்:

- யாருக்காக வேலை செய்கிறார். எதிர்த்தரப்பிடமும் வாங்குகிறார் என்றால் எவ்வளவு.
- கமிஷன் தொகை, ஜிஎஸ்டி உள்ளிட்டதா இல்லையா.
- எப்போது கொடுப்பது. அக்ரிமெண்ட் அன்று கால் பங்கு, பதிவு அன்று பாதி, பட்டா மாறிய பின் மீதி என்பது நல்ல பிரிவு.
- ஓனர் பின்வாங்கினாலோ, வக்கீல் கருத்தில் வில்லங்கம் வந்தாலோ கமிஷன் கிடையாது, வாங்கியது திரும்ப வரும்.
- எத்தனை நாளுக்கு இந்த ஏற்பாடு. அவர் காட்டிய வீட்டை அந்தக் காலத்துக்குள் நீங்கள் நேரடியாக வாங்கினாலும் கமிஷன் உண்டு. (அவருடைய பயத்துக்கு மருந்து இதுதான்.)

டோக்கன் அட்வான்ஸ் ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். புரோக்கர் கணக்குக்கோ கையிலோ வேண்டாம். அசையாச் சொத்து விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அபராதம் அதே அளவு தொகை, அதுவும் வாங்கியவர் தலையில். அதனால் ஓனருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்கும் புரோக்கர் இருவருக்குமே நல்லவர். வக்கீலை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புரோக்கர், அவர் சொல்லும் வக்கீல், அவர் கூட்டிப்போகும் பத்திர எழுத்தர் மூவரும் ஒரே கூட்டணி என்றால் யாரும் யாரையும் கேள்வி கேட்கமாட்டார்கள். செலவுக் கணக்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள்: முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் போக, "ஆபீஸ் செலவு" என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள்.

விற்பவர் கவனிக்க வேண்டியவை

விற்பவர் செய்யும் பெரிய தவறு, அதிக விலை சொல்லும் புரோக்கரையே தேர்ந்தெடுப்பது. மற்றவர்கள் 55 என்னும்போது இவர் மட்டும் 70 என்றால், அந்தத் தெருவில் சமீபத்தில் பதிவான கிரயங்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், உங்கள் வீட்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்ன விலை அது. நான்கு மாதம் கழித்து "மார்க்கெட் டல் சார்" என்று 50க்கு ஆள் கூட்டிவருவார். ஐந்து பேரிடம் சொல்லி வைப்பதும் உதவாது. வீடு ஐந்து விலையில் சுற்றினால் வாங்க வருபவர் ஏதோ கோளாறு என்று நினைப்பார். ஒருவருக்கு 60 நாள் கொடுங்கள், வாரம் ஒருமுறை யார் யார் பார்த்தார்கள், என்ன விலை கேட்டார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள்.

அசல் பத்திரம் கைமாறக் கூடாது. நகல் கொடுத்தாலும் ஒவ்வொரு பக்கத்திலும் "பார்வைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். புரோக்கர் பெயரில் பவர் எழுதவே வேண்டாம். அப்படிக் கேட்பவர், உங்களிடம் ஒரு விலைக்கு முடித்து மற்றொருவருக்கு வேறு விலைக்கு விற்கத் திட்டம் வைத்திருப்பார்.

லீஸுக்கு வீடு தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐந்து லட்சம், எட்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் லீஸ் வீட்டை நடுவில் ஒருவர் ஓனரிடம் வாடகைக்கு எடுத்து, உங்களுக்கு லீஸுக்கு விட்டுவிட்டுப் பணத்தோடு மறையும் மோசடி நடக்கிறது. வரி ரசீதில் இருக்கும் பெயரும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவரும், பணம் போகும் வங்கிக் கணக்கும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஓனர் வெளிநாட்டில் என்றால் வீடியோ காலில் பேசுங்கள், கூடவே பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓனர் பெயரைக் கேட்டுப் பொருத்திப் பாருங்கள்.

பதிவு முடிந்த அன்றே முழு கமிஷனையும் கொடுத்துவிடாதீர்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் பட்டா வரும். அந்த அலைச்சலுக்குப் புரோக்கரைக் கூட நிற்க வைப்பது கையில் நிற்கும் அந்தக் கடைசிக் கால் பங்குதான்.