கதிர் உள்ளே போகவில்லையா? முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

தை மாதம், மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுப்பு. பக்கத்து வயலில் ஒரு பெல்ட் மிஷின் (சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் நெல் அறுவடை மிஷின்) பத்தடி போவதும் நிற்பதுமாக இருந்தது. ஓட்டுகிற தம்பி ஸ்பேனரோடு இறங்கி, முன்னால் கதிரை அறுக்கும் ஹெட்டரின் பக்கவாட்டில் குனிந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் சீசனில் நான் செய்த அதே வேலை. பெல்ட் தளர்ந்ததா, பிளேடு மழுங்கியதா என்பதெல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

ஸ்லிப் கிளட்சை இறுக்குவது

ஆகரில், அதாவது அறுத்த தாளை நடுவுக்குத் தள்ளும் சுருள் தண்டில், தாள் அடைத்தால் கடகடவென்று சத்தம் வரும். "ஸ்லிப் ஆகுது, நட்டை இறுக்கு" என்பார்கள். அந்தக் கிளட்ச் வழுக்குவதற்காகவே வைத்தது! பாரம் மீறும்போது அது விட்டுக்கொடுப்பதால்தான் ஆகரும் செயினும் பிழைக்கின்றன.

நான் ஸ்பிரிங் முழுக்க அமுங்கும் வரை இறுக்கினேன். ஒரு மணி நேரம் அருமையாக ஓடியது. அப்புறம் வரப்போரம் கிடந்த கருவேலங்கட்டை ஒன்று உள்ளே போனது. ஆகர் தண்டு வளைந்தது, தாளை உள்ளே ஏற்றும் பீடர் செயினில் இரண்டு பட்டை பிய்ந்தது. மூன்று நாள் மிஷின் நின்றது. இரண்டாம் நாள் மழை. அந்த விவசாயியின் நெல் சாய்ந்து நனைந்து, கொள்முதல் நிலையம் கேட்கிற 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டிவிட்டது. காய வைக்கக் களம் தேடி அவர் அலைந்ததை இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை. இன்னமும் புதுப் பையன்களுக்கு இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கோபம்.

சத்தம் வந்தால் ஆகர் சுருளுக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பல மிஷின்களில் ஒரு விரல் நுழைகிற அளவு போதும். அதிகமானால் தாள் அங்கேயே குவிந்து, மூட்டை மூட்டையாக உள்ளே போகும். நெல்லை உதிர்க்கும் டிரம் சீராக இரையாமல் 'டும் டும்' என்று அடிக்கும். அடுத்து, ஆகரின் விரல் கம்பிகள் தேய்ந்தோ வளைந்தோ இருக்கின்றனவா என்று பாருங்கள். பீடரின் முன் உருளை தடையில்லாமல் மேலும் கீழும் அசைய வேண்டும். செயினை விறைப்பாக வைத்தால் அசையாது. கிளட்ச் ஸ்பிரிங்கின் நீளம் மிஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அதில் உள்ளபடியே வையுங்கள்.

ரீல் வேகத்தை மாற்றாமலே ஓட்டுவது

ரீல் என்பது கதிரைப் பிளேடு பக்கம் சாய்த்துக் கொடுக்கும் சுழல் சட்டம். கதிர் முன்னால் தள்ளப்பட்டால் ரீல் மெதுவாகச் சுற்றுகிறது. தாள் ரீலோடு சுற்றி மேலே வந்தால், நெல் உதிர்ந்தால், வேகம் அதிகம். சாய்ந்த பயிரில் ரீலை முன்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோய் மெதுவாகப் போங்கள்.

பனி காயுமுன் இறங்குவது

வேண்டாம்.

ஓடும் எஞ்சினில் கை வைப்பது

சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். அதன் பிறகே கை.

அடித்தட்டைச் சுரண்டாமல் விடுவது

அந்தத் தம்பியின் மிஷினில் அடித்தட்டு மூலையில் வரப்புச் சேறு இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்து கிடந்தது. தாள் அதில்தான் தட்டி நின்றிருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, மண்வெட்டியால் பெயர்த்தெடுத்து, அவர் இறுக்கியிருந்த கிளட்ச் நட்டைப் பழைய அளவுக்குத் தளர்த்தினோம். பொழுது சாய்வதற்குள் அந்த வயலை முடித்துவிட்டார்.