மறுபடி குடித்துவிட்ட மறுநாள் செய்யக் கூடாதவை

கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும், பாண்டி எல்லையான முள்ளோடை தாண்டியதும் ரோட்டோரக் கடைகளின் போர்டே மாறிவிடும், எங்கே பார்த்தாலும் சரக்குக் கடை. குடியை விட்டவனுக்கு அந்த 20 சொச்சம் கிலோமீட்டர் ஒவ்வொரு முறையும் பரீட்சைதான். 14 மாதம் தொடாமல் இருந்த நான் அரியாங்குப்பத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் தோற்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. மொட்டைமாடியில் ஒருத்தன் "மச்சான், பீர்தானே" என்று கிளாஸை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

இந்த 'பீர்தானே'யை முதலில் முடித்துவிடுகிறேன். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 52 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீத சரக்கில் ஒரு குவார்ட்டருக்கு 77 மில்லி. இரண்டு பீர் அடித்தால் குவார்ட்டரைத் தாண்டியாயிற்று. பல மாதம் சும்மா இருந்த உடம்புக்கு, முன்பு தாங்கிய அளவும் இப்போது தாங்காது.

ஆனால் என்னைக் கவிழ்த்தது அந்த பீர் இல்லை, அடுத்த ஒன்பது நாள். வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு குவார்ட்டர், சட்டைப்பையில் பாக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக பாத்ரூம். "ஏங்க, வந்ததும் வராததுமா எதுக்குப் பல்லு வெளக்குறீங்க?" என்று மனைவி கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறைப்பதற்கு ஒரு கணக்கு துணை நிற்கும்: '14 மாசமும் போச்சு, இனி ஒரு நாள் குடிச்சா என்ன, பத்து நாள் குடிச்சா என்ன?' ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த மனநிலையைத்தான் ஆராய்ந்தார். ஒரு முறை சறுக்குவது வேறு, பழைய குடிக்கே திரும்புவது வேறு என்று பிரித்தார். இரண்டையும் இணைப்பது பெரும்பாலும் குற்ற உணர்ச்சி. வெட்கத்தை மறக்கக் குடிப்பது, குடித்ததால் இன்னும் வெட்கப்படுவது. அன்று ராத்திரியே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு அது ஒரு நாளோடு போயிருக்கும்.

பத்தாம் நாள், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் பழக்கமான பெரியவருக்கு போன் செய்தேன். திட்டுவார் என்றிருந்தேன். "தம்பி, நீ குடிச்சதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. ஒம்போது நாளா போன் பண்ணலயே, அதான்" என்றார். அப்புறம், "கை நடுங்குதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஒரு நாள் குடித்துவிட்டு நிறுத்துகிறவர் வேறு. பல நாள் விடாமல் குடித்தவர், வைராக்கியமாக ரூமைச் சாத்திக்கொண்டு படுத்துவிடக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் தெரியாமல், இடம் தெரியாமல் பிதற்றலாம். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். இது உயிரைக் குடிக்கிற நிலை. பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை வீணாக்குகிறவர்களை நம் பக்கத்தில் இன்னும் பார்க்கலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ ஜிப்மரோ, எது பக்கமோ அங்கே போங்கள். நடுக்கத்தை அடக்க மருந்தும், தயமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள்; உள்ளே சாராயமும் இருந்தால் மூச்சே அடங்கிவிடும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். சாம்பாரில் மாத்திரையைக் கலக்கிறவர்கள் உண்டு. அது குடியை விடுவதற்கு டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் ஆக இருந்து, ஆள் விஷயம் தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி உயிரே போகலாம். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து உண்டு. நல்ல மருந்துதான், டாக்டர் சொல்லி, குடிக்கிறவர் சம்மதித்துச் சாப்பிட்டால். தெரியாமல் கலந்தது பின்னால் தெரியவந்தால், அவர் உங்கள் கையால் சோறு வாங்கவே யோசிப்பார்.

கையைக் காலைக் கட்டி வேனில் ஏற்றி ஏதோ ஒரு 'மையத்தில்' தள்ளுவதும் அப்படித்தான். ஆளை உள்ளே தங்க வைத்துச் சிகிச்சை தரும் இடம் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியில் கட்டுவதற்கு அந்தச் சட்டத்தில் இடமே கிடையாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எங்கே போவது என்றே புரியவில்லையா, 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். மனசு ரொம்ப உடைந்திருந்தால் டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண் 14416.

மாலை போடுவது, கயிறு கட்டுவது பற்றிக் கேட்பார்கள். நான் கேலி செய்ய மாட்டேன், மாலை போட்ட நாட்களில் நானும் ஒழுங்காகவே இருந்தேன். மாலையைக் கழற்றிய ராத்திரிக்கு மட்டும் என்னிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. ஏ.ஏ. கூட்டம் அந்த ராத்திரிக்கும் இருக்கிறது. காசு கிடையாது, முழுப் பெயர் கேட்பதில்லை, குடியை விட ஆசை இருந்தால் போதும்.

'இனி பாண்டிப் பக்கமே தலைவைக்க மாட்டேன்' என்றும் சபதம் போட்டேன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது விசேஷத்துக்கு மனைவியோடு போகிறேன். வெறும் வயிற்றோடு போவதில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவேன். மாடிப் பக்கம் யாராவது கூப்பிட்டால் "நான் விட்டுட்டேன்பா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொல்வேன். பஸ் முள்ளோடையைத் தாண்டும்போது பெரியவருக்கு ஒரு போன். அவர் ஒன்றும் பெரிதாகப் பேசுவதில்லை. "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்யா" என்பேன். "சரி, எறங்குனதும் போடு" என்று வைத்துவிடுவார்.