இதயத்துக்காகக் காய்கறி சாப்பிட்டும் பலன் இல்லையா? நான் சரிசெய்தவை

முதல் கோளாறு அளவில். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது. கண்ணளவை நம்ப முடியவில்லை. ஒரு வாரம் தராசில் எடைபோட்ட பிறகுதான் கைக்கு அளவு பிடிபட்டது.

அடுத்து ஜூஸை நிறுத்தினேன். வடிகட்டும்போது நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். கரையும் நார்ச்சத்துதான் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிதாகப் பித்தம் சுரக்கக் கல்லீரல் ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. ஆப்பிளைத் தோலோடு கடித்துத் தின்பதே மேல்.

கீரை, பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டை வாயிலுள்ள பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும்; அது நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாயைத் தளர்த்தும். நைட்ரேட்டும், ரத்த அழுத்தம் குறைய உதவும் பொட்டாசியமும் நீரில் கரைபவை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அவற்றில் ஒரு பங்கும் போச்சு. கீரைக்கு ஆவியில் 3 நிமிடம் போதும். கிருமிநாசினி மவுத்வாஷ் அந்தப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும் (காரணம் இதுவாக இருக்கலாம் என்று யாரும் நினைப்பதே இல்லை).

சாலட்டில் உப்புக்குப் பதில் எலுமிச்சைச் சாறு, மிளகு. ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால்தான் கேரட்டின் பீட்டா கரோட்டின் நன்றாக உடலில் சேரும்.

வயிறு உப்பினால் தினசரி அளவை வாரத்துக்கு 100 கிராம் வீதம் மெல்ல ஏற்றுங்கள், தண்ணீரும் கூடவே கூடட்டும்.

வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியம் அளவை மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள்.