தாப்பாவில் ஒரு நாள்: நீர்வீழ்ச்சியிலும் மரக்கடையிலும் நாம் சொதப்பும் இடங்கள்

மலேசியாவின் தோட்டத்து ஊர்களுக்கும் வசந்தம் உண்டு. மாசி, பங்குனியில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், இலையைக் கொட்டிவிட்டு, செம்பு நிறத்தில் தளிர் விடும். பால் குறையும், சருகு காலடியில் நொறுங்கும். இப்போது பேராக் மாநிலத் தாப்பாவைச் சுற்றிப் பாதிக்கு மேல் செம்பனைதான் கண்ணில் படுகிறது என்றாலும், மிச்சமிருக்கும் கித்தாக் காட்டைப் பார்த்தாலே சித்திரை வந்துவிட்டது தெரியும். கூடவே கோலாலம்பூர், ஷா ஆலாம் பக்கமிருந்து உறவுக்காரர்களும் வந்து இறங்குவார்கள். “மாமா, எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்களேன்” என்று பிள்ளைகள் கேட்டால் இங்கே சொல்லும் பதில் ஒன்றுதான்: காலையில் லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி, திரும்பி வரும்போது பலகையும் மேசையும் விற்கும் மரக்கடை.

திட்டம் நல்ல திட்டம். ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. சீக்கிரம் கிளம்பவேண்டிய நீர்வீழ்ச்சியில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு, நிதானமாகப் பார்க்கவேண்டிய மரக்கடையில் ஈரத்துணியோடு பத்தே நிமிடத்தில் ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பொருளை முடிவு செய்கிறார்கள். நாள் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு குழப்பத்தால்தான்.

பதினொரு மணிக்குக் கிளம்புவது

புத்தாண்டுச் சமையலை முடித்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, பெரியம்மா தயாராகி, வண்டி நகரும்போது மணி பதினொன்று. போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, தண்ணீரில் கால் வைக்கும்போது ஒன்றரை. இந்தப் பருவத்தில் இதைவிட மோசமான நேரம் கிடையாது. மார்ச் கடைசியிலிருந்து மே பாதி வரை இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காற்று அதிகம் வீசாது. காலை வெயிலில் தித்திவாங்சா மலைச்சரிவு சூடேறும், ஈரக்காற்று மேலே போகும், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். காலையில் வானம் பளிச்சென்று இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. பளிச்சென்ற காலைதான் பல நாள் சாயங்கால மழைக்குக் காரணமே.

நீங்கள் குளிக்கும் இடத்தில் மழை பெய்யவேண்டும் என்றுகூட இல்லை. மலைக்கு மேலே பெய்தால் போதும். விழுந்த மரம், கிளை, சருகு எல்லாம் ஆற்றின் குறுக்கே அடைத்துக்கொண்டு தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். அந்த அடைப்பு உடைந்தால் மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் இறங்கும். இதைத்தான் ‘கெப்பாலா ஆயிர்’ என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கெடாவில் குனோங் ஜெராய் அடிவாரத்தில் இப்படித்தான் வெள்ளம் இறங்கி உயிர்களைப் பறித்தது.

வருவதற்குமுன் ஆறு கொஞ்சம் அறிகுறி காட்டும். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் மெல்லக் கலங்கி, தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். அப்புறம் காய்ந்த இலைகள் ஒன்றிரண்டாக இல்லாமல் கும்பலாக மிதந்து வரும், நடுவில் குச்சி, நுரை. ஐந்து நிமிடத்துக்குமுன் காய்ந்திருந்த பாறையின் விளிம்பு நனைந்திருக்கும். இரைச்சல் கூடும். இதில் எது தெரிந்தாலும் உடனே கரையேறவேண்டும். அதுவும் ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடக்கூடாது, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறவேண்டும். எதிர்க்கரையில் இருக்கும் செருப்பையும் கைப்பேசியையும் எடுக்க ஆற்றைக் கடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேடான இடத்தில் நில்லுங்கள், 999-க்கு அழையுங்கள், தண்ணீர் வடியட்டும் அல்லது பொம்பா (தீயணைப்புப் படை) வரட்டும்.

ஆகவே காலை எட்டு, எட்டரைக்குள் தண்ணீரில் இறங்குவது, பன்னிரண்டுக்கு ஏறிவிடுவது. இதில் பேரம் வேண்டாம்.

பாதை

தாப்பாவிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா போகும் 59-ஆம் எண் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பெரும்பகுதி வளைவுதான். லாத்தா இஸ்கந்தார் அதில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், சாலையை ஒட்டியே விழும். சாலையை ஒட்டி இருப்பது வசதி என்று நினைக்கிறோம், ஆபத்தும் அதுதான். கேமரன் மலைக் காய்கறி லோரிகள் வளைவில் இறங்கி வரும் இடம் அது. காடியை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள்.

காலையில் நாசி லெமாக், ரொட்டி சானாய் என்று வயிறு முட்டப் பசியாறிவிட்டு இந்த வளைவுகளில் ஏறினால் பின்னிருக்கைக் கதி என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. அரை வயிறு போதும், மிச்சத்தை அங்கே போய்ச் சாப்பிடலாம். ரயிலில் வருபவர்களுக்கு ஒன்று: தாப்பா ரோட் நிலையம் தாப்பா பட்டணத்தில் இல்லை, தள்ளி இருக்கிறது. யாராவது வந்து ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள்.

காலில் என்ன போடுகிறீர்கள்?

ஜப்பான் சிலிப்பர் பாசிப் பாறையில் பிடிக்காது. வெறுங்காலும் ஆகாது, பாறையிடுக்கில் பீர் போத்தல் சில்லு கிடக்கும் (யார் வேலை என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும்). பால் வெட்டுக்காரர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாகச் சொல்வார்களே, அதுதான் இதற்குச் சரி. அடியில் முள் மாதிரிப் பிடிப்பு இருக்கும், தண்ணீரும் ஊறாது, விலையும் மலிவு. தாத்தா காலில் இருந்ததைப் பேரன் போட வெட்கப்படுகிறான், மலையேறுகிறவர்களோ தேடி வாங்குகிறார்கள்.

காலில் ஆறாத புண் இருந்தால் தண்ணீரில் இறங்காமல் இருப்பது நல்லது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வரும், புண்ணும் கீறலும் அதற்கு வாசல். 2010-இல் பகாங்கில் லுபுக் யூ பகுதியில் தேடல் வேலைக்குப் போனவர்களிடையே இந்த நோயும், மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள கிருமியால் வரும் மெலியோய்டோசிஸும் பரவின. இங்கே மக்கள் செய்யும் பெரிய தவறு குளித்ததில் இல்லை, அதற்குப்பின் நடப்பதில் இருக்கிறது. குளித்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும், கெண்டைக்கால் வலிக்கும், கண் சிவக்கும். கிளினிக்கில் ‘காய்ச்சல், உடம்பு வலி’ என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வருவார்கள். ஆற்றில் குளித்ததை யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் மருத்துவர் வேறு பரிசோதனை எழுதுவார்.

அங்காடிக் கடைகள்

சாலையோரத்தில் செமாய் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்கள் பெத்தாய் (காட்டு அவரை), தேன், மூங்கில் பொருள்கள், சின்ன ஊதுகுழாய் எல்லாம் விற்பார்கள். பேரங்காடியில் விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறக்காமல் கட்டுகிற நாம், காட்டுக்குள் போய்ப் பெத்தாய் பறித்து வந்தவரிடம் இரண்டு வெள்ளிக்கு மல்லுக்கட்டுவது அழகில்லை. ராஜா புரூக் பட்டாம்பூச்சி இந்தப் பக்கம் பறக்கும், கறுப்பு இறக்கையில் பச்சைப் பட்டையோடு. அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இனம்.

இனி மரக்கடை

பன்னிரண்டுக்குக் கிளம்பினால் துணி மாற்றி, சூடாகச் சாப்பிட்டு, இரண்டு மணிக்கு மரக்கடையில் இருக்கலாம். வெளியே மழை கொட்டட்டும், துத்தநாகக் கூரைக்கடியில் பலகை பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. அடிமரத்தில் செய்த முக்காலி, விளிம்பு சீவாத பெரிய மேசைப்பலகை, பழைய வீட்டுக் கதவு, உரல், உலக்கை, ஊஞ்சல்பலகை என்று குவிந்து கிடக்கும்.

முதல் தவறு, நிறத்தை நம்புவது. எந்த மரத்துக்கும் எந்த நிறமும் ஏற்றலாம். பலகையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் பூச்சு இருக்காது. தூக்கிப் பாருங்கள். வலுத்த காட்டு மரமான செங்கால் என்று சொல்லி ஒரு கையில் தூக்குகிற மாதிரிப் பெரிய பலகையைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள், செங்கால் ஒரு கனமீட்டர் 900 கிலோவுக்கு மேல் நிற்கும். கித்தா மரம் 600 கிலோ அளவில்தான்.

கித்தா மரம் என்றதும் “விறகுக்குப் போவதற்கு இவ்வளவு விலையா” என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்கள் பார்த்தது உண்மைதான். மறுநடவுக்காக வெட்டிய மரம் புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும்தான் போனது. வெட்டிய மரத்தில் மாவுச்சத்து அதிகம், சில நாளிலேயே நீலம் பாரித்துவிடும், வண்டு அரித்துவிடும். போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்தபின் 1980-களிலிருந்து அதே மரம் மூவார் பட்டணத்துத் தொழிற்சாலைகளில் நாற்காலியாகி நாடு நாடாகப் போகிறது. ‘மலேசியன் ஓக்’ என்று ஒருவர் அழுத்திச் சொன்னால் அவர் விற்பது நம் பால்மரத்தைத்தான். பிழையொன்றுமில்லை, ஓக் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

அதை வாங்கி வாசலில், மழை படும் இடத்தில் போடுவதுதான் பிழை. போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறும், அப்புறம் பூசணமும் கறையானும் வேலையைத் தொடங்கும். வீட்டுக்குள் என்றால் கித்தா, வெளியே என்றால் செங்கால் மாதிரி வலுத்த மரம்.

இரண்டாவது, ஈரத்தைக் கேட்காமல் வாங்குவது. பெரிய மேசைப்பலகைகள் பலவும் சுவார், அதாவது நம் தூங்குமூஞ்சி மரம். மூன்றங்குலக் கனப் பலகை தானாகக் காய்வதற்கு ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு என்று கணக்குச் சொல்வார்கள். அரைகுறையாகக் காய்ந்ததைக் குளிர்சாதன அறையில் போட்டால் சில மாதத்தில் வளைந்து, நடுவில் வாய் பிளக்கும். ஈரமானியை எடுத்து உங்கள் முன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குள் போடுவதற்கு 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் ‘அப்புறம் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். மேற்பரப்பில் மட்டும் அளந்து காட்டினால் போதாது, பலகையின் நடுவில், உள்ளே எவ்வளவு ஈரம் என்றும் கேளுங்கள்.

பலகைக்கடியில் கோதுமை மாவு மாதிரி நைசான தூள் கொட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்குத் துளையும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. தூளை ஊதிவிட்டு வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற கடைகளும் உண்டு, கீழே தரையையும் பார்த்துவிடுங்கள். பழைய ரயில் கட்டையில் செய்த மேசை கண்ணுக்கு அழகு. முகர்ந்து பாருங்கள், தார் வாடை வந்தால் அது கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய கட்டை. தோட்டத்துப் படிக்கட்டுக்கு ஆகும், சாப்பாட்டு மேசைக்கு ஆகாது.

ஊஞ்சலைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் சித்திரையில் வருகிற அத்தைகள் எல்லாருக்கும் கண் அதன்மேல்தான். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டங்குலக் கனத்தில் செங்கால் பலகை எடுத்தால் பலகை மட்டுமே ஏறக்குறைய 45 கிலோ. அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடினால் கொக்கி தாங்கவேண்டிய பாரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் தலைக்குமேல் தெரிவது வெறும் பிளாஸ்டர் கூரை. கொக்கி கான்கிரீட் உத்தரத்திலோ இரும்புச் சட்டத்திலோ மாட்டப்படவேண்டும். உத்தரம் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் பலகையை வாங்கியவர்கள் வீட்டில் அது இன்று சுவரில் சாய்ந்து துணி காய வைக்கப் பயன்படுகிறது. கிளம்புமுன் இடத்தை அளந்து, கதவகலத்தையும் அளந்து, கைப்பேசியில் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கடைசியாகக் காசு. கடைக்காரர் அங்கிளிடம் நாள் முழுக்கப் பேசினாலும் ரசீதில் ‘மேசை ஒன்று’ என்று மட்டும் எழுதி வாங்கினால் பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று. மரத்தின் பெயர், அளவு, சூளையில் உலர்த்தியதா, வீட்டில் கொண்டுவந்து இறக்குவதற்கு எவ்வளவு, பிளந்தால் யார் பொறுப்பு, முன்பணம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கவேண்டும். நீளப் பலகையை மைவி காரின் பின்கதவு வழியாகப் பாதி வெளியே நீட்டி, கயிறு கட்டி நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களையும் பார்க்கிறேன். லோரிக் கூலியை மிச்சம் பிடித்து அதைச் சம்மனாகக் கட்டுகிறார்கள். மேசையை அடுத்த வாரம் கடை லோரியே கொண்டுவரட்டும், அன்றைக்கு மடியில் எடுத்துக்கொண்டு போகப் பெத்தாய்க் கட்டு இருக்கிறது.