வேலையை விடும்போது மிச்ச லீவில் செய்யக் கூடாத பிழைகள்

போன கிழமை பக்கத்துப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி தன் ராஜினாமாக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். "அண்ணா, 11 நாள் லீவு மிச்சம் இருக்கு. மனேஜரிட்ட கேட்டன், ஓம் எண்டுட்டார். கடைசி 11 நாளும் வர மாட்டன், அடுத்த நாளே புது இடத்தில சேரப் போறன்." கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். லீவு பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. 2009ஆம் ஆண்டு நானும் இப்படியொரு கடிதத்தைத்தான் கொடுத்தேன்.

கொழும்பில் சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஆட்கள் விலகும்போது லீவுக் கணக்கு என் மேசைக்குத்தான் வரும். கடிதத்தில் திகதி போடுங்கள், பிரதி எடுத்து வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களும் விழுகிற குழிகளை மட்டும் எழுதுகிறேன்.

"மனேஜர் ஓம் என்றுவிட்டார்"

மிச்ச லீவோடு விலகுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கேட்கும்போது மூன்றும் ஒன்றுபோல இருக்கும், கணக்கில் மூன்றும் வேறு வேறு.

முதலாவது, நோட்டீஸ் காலத்துக்குள்ளேயே, அதாவது விலகுவதாக அறிவித்ததிலிருந்து கடைசி நாள் வரையான நாட்களுக்குள், லீவு எடுப்பது. கடைசி நாள் மாறாது, அதுவரை நீங்கள் அந்தக் கம்பெனியின் ஆள்தான். சம்பளம் வரும், ஊழியர் சேமலாப நிதிக்கும் (EPF) காசு போகும். இரண்டாவது, லீவு நாட்களை நோட்டீஸில் கழித்துக்கொண்டு முன்னதாகவே விலகுவது. இதில் கடைசி நாளே முன்னுக்கு வந்துவிடும். மூன்றாவது, நோட்டீஸ் முழுவதும் வேலை செய்துவிட்டு, எடுக்காத லீவைக் காசாக வாங்குவது.

2009இல் நான் மனதில் நினைத்தது முதலாவது. மனேஜர் தலையாட்டியது இரண்டாவதுக்கு என்று பிறகு சொன்னார்கள். கடைசிக் கணக்கில் வந்து நின்றதோ இந்த மூன்றிலும் சேராத ஒன்று.

அப்போது என் சம்பளம் 42,000 ரூபாய், ஒரு மாத நோட்டீஸ், கையில் 11 நாள் லீவு. மனேஜர் தேநீர்க் கோப்பையோடு நடைபாதையில் நின்றபடியே "ஓம் ஓம், எடுங்கோ" என்றார். அந்தக் காலத்து லீவுக் கார்ட் மஞ்சள் மட்டையில் இருக்கும், லீவை முதலில் பென்சிலால் எழுதுவார்கள், கையொப்பம் விழுந்த பிறகுதான் பேனாவால் எழுதுவார்கள். என்னுடைய 11 நாளும் பென்சிலிலேயே இருந்தன. நான் அதைப் பார்க்கவில்லை. வீட்டில் நின்றேன், புது வேலைக்கு உடுப்பு எடுக்க வெள்ளவத்தைக்குப் போனேன், கணக்குத் தீர்க்கக் கூப்பிட்டபோது 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் போனேன்.

கணக்குத் தாளில் 11 நாள் நோ-பே, அதாவது சம்பளமில்லாத நாட்கள், என்று 15,400 ரூபாயை வெட்டியிருந்தார்கள். நோட்டீஸ் 11 நாள் குறைவு என்று இன்னொரு 15,400. அந்த 11 நாள் லீவுக்கும் காசு இல்லை, அதுவும் 15,400. கூட்டினால் 46,200, என் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூட. மனேஜர் அதற்குள் வேறு வேலைக்கு மாறி நாட்டை விட்டே போய்விட்டார். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அதைவிட மோசமாக, "இனி எனக்கு எந்த நிலுவையும் இல்லை" என்று தாளின் அடியில் அச்சடித்திருந்த வரிக்குக் கீழே, புது இடத்துக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் கையொப்பமும் போட்டுவிட்டேன். பிறகு நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்துக்குப் போனபோது அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, லீவை அனுமதித்த படிவம் இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் ஒரு ஈமெயில் போட்டிருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. இப்போது கார்ட் இல்லை, எல்லாம் கணினியில், ஆனால் பென்சில் எழுத்து இருந்த இடத்தில் "பரிசீலனையில்" என்ற சொல் வந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். மனேஜர் பட்டனை அழுத்தாதவரை உங்கள் லீவு லீவே இல்லை. கடைசி நாளன்று உங்கள் லாகினை மூடிவிடுவார்கள், பிறகு உள்ளே போய் எதையும் எடுக்க முடியாது. அதனால் அனுமதி வந்த பக்கத்தையும் மிச்ச லீவு காட்டும் பக்கத்தையும் முதலே படம் எடுத்து உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பிவிடுங்கள்.

கடிதத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: மிச்சம் எத்தனை நாள், மேலே சொன்ன மூன்று வழியில் எது, எந்தத் திகதி கடைசி நாள். அதற்கு எச்.ஆரிடமிருந்து எழுத்தில் பதில் வர வேண்டும். மனேஜரின் ஓம் மட்டும் காணாது.

லீவில் நிற்கும்போதே புது இடத்தில் சேருவது

முதலாவது வழியில் போகிறவர் கடைசி நாள் வரை பழைய இடத்து ஊழியர்தான். அந்த நாட்களில் புது இடத்தில் சேர்ந்தால் ஒரே திகதிகளுக்கு இரண்டு இடத்திலும் வேலை செய்ததாகப் பதிவாகும். இரண்டு கம்பெனியின் கடிதத்தையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நாளில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"இந்த வருடம் மூன்று மாதம்தானே வேலை செய்தீர்கள்"

மார்ச்சில் விலகுகிறவரிடம் இப்படிச் சொல்லி 14 நாள் வருடாந்த லீவை மூன்று நாளாக்கிவிடுவார்கள், பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவருக்கு, இந்த வருடம் கையில் இருக்கும் வருடாந்த லீவு போன வருட உழைப்புக்குக் கிடைத்தது. அதை இந்த வருடத்து மாதங்களால் பிரிக்கக் கூடாது.

சேர்ந்து முதல் இரண்டு வருடத்துக்குள் விலகுகிறவர்கள் மட்டும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் வருடாந்த லீவு இல்லை. இரண்டாவது வருடத்தில், முதல் வருடம் எப்போது சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்து வரும்: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் என்றால் 14, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4.

கெஷுவல் லீவையும் சேர்த்து எண்ணுவது

வேண்டாம். தற்செயல் தேவைகளுக்கான அந்த 7 நாள் வேறு கணக்கு.

எதால் பிரித்தார்கள் என்று கேட்காமல் விடுவது

ஒரு நாள் சம்பளம் காண 90,000 ரூபாய் மாதச் சம்பளத்தை 30ஆல் பிரித்தால் 3,000, 22ஆல் பிரித்தால் 4,090. பத்து நாளுக்கு 10,900 ரூபாய் வித்தியாசம். லீவுக்குத் தரும்போது 30ஆலும் நோ-பே வெட்டும்போது 22ஆலும் பிரித்த தாள்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விடுமுறைக்கான கொடுப்பனவும் சேமலாப நிதிச் சட்டத்தில் உழைப்பூதியமாகத்தான் வருகிறது, ஆகவே உங்கள் 8 வீதமும் அவர்களின் 12 வீதமும் அதற்கும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஐந்து வருடத்துக்குப் பக்கத்தில் வந்து லீவைக் காசாக்குவது

இதில் ஒரு தம்பி நல்லாகவே மாட்டிக்கொண்டார். நான்கு வருடமும் பதினொரு மாதமும் இருபது நாளும் வேலை செய்திருந்தார், 14 நாள் லீவு அப்படியே கையில் இருந்தது. அதைக் காசாக வாங்கிக்கொண்டு போனார், சம்பளம் 90,000, கிடைத்தது 42,000. அந்த 14 நாளையும் லீவாக எடுத்து, அதற்குப் பிறகு கடைசி நாளை வைத்திருந்தால் ஐந்து வருடம் நிரம்பியிருக்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அவருக்கு 225,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். என் மேசைக்குத் தாள் வந்தபோது அவர் போய்விட்டார். நோட்டீஸ் கொடுக்கும் முன் உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கும் சேர்ந்த திகதியை எடுத்துப் பாருங்கள், தயவுசெய்து.

கணக்குத் தாளில் அங்கேயே கையொப்பமிடுவது

வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

அந்தத் தங்கச்சி கடிதத்தைத் திருப்பி எழுதினார். 11 நாளையும் நோட்டீஸ் காலத்துக்குள் வருடாந்த லீவாக எடுப்பதாகவும், கடைசி நாள் 31ஆம் திகதி என்றும், புது இடத்தில் அடுத்த மாதம் 1ஆம் திகதி சேர்வதாகவும். எச்.ஆர். பதில் போட இரண்டு நாள் எடுத்தது. 11 இல்லை, 9தான் மிச்சம் என்று வந்தது. இரண்டு நாள் எங்கே போனது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம், அவருடைய லாகின் இன்னும் திறந்துதான் இருக்கிறது.