பழைய பவர் டில்லர் இன்ஜினைப் பிரித்துப் பூட்டும் முறை

காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் மாந்தோப்பில் உழுதுவந்த 13 குதிரைத்திறன் பவர் டில்லர், நீலப்புகை விட்டு ஆயிலைக் குடிக்கத் தொடங்கியபோது, அதன் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினை நானே பிரித்தேன். முதல் முறை பூட்டியது அரை மணி நேரம் ஓடி, உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் முறை பூட்டியது இன்றும் ஓடுகிறது.

முதலில் தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுகளை அவிழ்த்து, பிஸ்டனை மேல்வழியாக எடுக்க வேண்டும். பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான லைனரின் மேல்விளிம்பில் நகம் தடுக்கும் அளவுக்குத் தேய்மானப் படி விழுந்திருந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளை மட்டும் மாற்றிப் பயனில்லை. எங்களுடைய லைனரை லேத் பட்டறையில் 0.50 மி.மீ. கூடுதலாகப் போரிங் செய்து (உட்புறத்தைக் கடைந்து அகலப்படுத்தி), அதற்குரிய பிஸ்டனும் ரிங்குகளும் வாங்கினோம்.

நான் தவறியது ரிங்கின் வாய் இடைவெளியில், அதாவது அதன் வெட்டிய இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான். புது ரிங் என்றால் அளவு சரியாகவே இருக்கும் என்று நம்பி, அளக்காமல் பூட்டிவிட்டேன். சூட்டில் ரிங் நீளும்போது அதன் இரு முனைகளும் முட்டிக்கொண்டால், விரிய வேறு இடமின்றி அது சுவரை அழுத்திக் கீறிவிடும். புதிதாகப் போரிங் செய்த என் லைனரில் அப்படித்தான் கோடு விழுந்தது. ஆகவே ஒவ்வொரு ரிங்கையும் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் வெறும் லைனருக்குள் வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்து அதன் தலையால் நேராகத் தள்ளி, இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு பொறித்த மெல்லிய தகடுகளால்) அளந்து பாருங்கள். 90 மி.மீ. அளவுள்ள சிலிண்டருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை பொருந்தும், உங்கள் இன்ஜினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளுங்கள். குறைந்தால் ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி, மெல்லிய அரத்தால் தேய்க்க வேண்டும். கண்மதிப்பு இங்கே உதவாது. பெட்டியில் வேறு எந்தக் கருவி இல்லாவிட்டாலும் ஃபீலர் கேஜ் இருக்க வேண்டும் என்பேன்.

ரிங்கில் எழுத்து பொறித்த பக்கம் மேலே இருக்கட்டும். வாய்கள் ஒரே கோட்டில் அமையாமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்காக, மூன்று சுற்றுகளில், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள். வால்வ் இடைவெளியை இன்ஜின் ஆறியிருக்கும்போது சரிசெய்யுங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் எல்லாம் சரியாகப் பூட்டியும் இன்ஜின் கிளம்பவில்லை. டீசல் குழாயில் காற்று நின்றிருந்தது. பம்ப்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை விட்டு இறுக்கியதும் கிளம்பிவிட்டது.

பராமரிப்பில் நான் அஞ்சுவது இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் தண்ணீரைத்தான். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதை ஊற்றினால் லைனரைச் சுற்றி உப்பு படிந்து சூடேறும். மழைநீரைச் சேமித்து ஊற்றுகிறேன். அது தீர்ந்தால் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். செம்மண் புழுதியில் உழும் நாட்களில் ஏர் கிளீனரின் ஆயிலை அன்றாடம் பார்க்கிறேன். புதிதாகப் பூட்டிய இன்ஜினில் முதல் 25 மணி நேர ஓட்டத்திற்குப் பிறகு ஆயிலை மாற்றினேன். அதன்பின் 100 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றிவருகிறேன்.