கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால்: ஓடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மேடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுகிற எங்களுக்கு அது 17ஆவது கிலோமீட்டரில் வரும். போன மாதம் அந்த மேட்டு உச்சியில்தான், எங்களோடு ஓடும் அண்ணன் ஒருவர் "ஐயோ" என்று கத்திக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். வலது கெண்டைக்கால் சதை கல் மாதிரி உருண்டு நின்றது. தோலுக்கு அடியில் அது தானாகத் துடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் கட்டைவிரலால் சதையை அழுத்திப் பிசைந்தார். ஒருவர் பெரிய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து "குடிங்கண்ணே, நல்லா குடிங்க" என்று வாயில் வைத்தார். இன்னொருவர் கோடாலித் தைலம் தேய்த்தார். எல்லாம் அன்பில் செய்ததுதான். ஆனால் அண்ணனுக்கு வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இழுத்துக்கொண்ட சதையை மெதுவாக நீட்டுவது. கெண்டைக்கால் என்றால் காலை நேராக நீட்டி உட்கார வைத்து, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. 20, 30 வினாடி அப்படியே வைத்திருந்து, சதை தளர்வது கைக்குத் தெரிந்த பிறகு விட வேண்டும். மறுபடி இழுத்தால் மறுபடி நீட்டுங்கள். தொடையின் பின்பக்கம் இழுத்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, காலை நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முன்தொடை என்றால் ஒருக்களித்துப் படுத்துக் குதிகாலைப் பிட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கலாம்.

இது ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றத் தவறுகளும் விளங்கும். நம் சதைக்குள் 'சுருங்கு' என்று தூண்டும் உணர்விகள் இருக்கின்றன. சதை எலும்போடு சேரும் தசைநாணில் 'போதும், தளர்ந்துகொள்' என்று சொல்லும் உணர்விகள் இருக்கின்றன. சாதாரணமாக இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். சதை அளவுக்கு மீறிக் களைத்துவிட்டால் முதல் குரல் ஓங்கி, இரண்டாவது அடங்கிவிடுகிறது. சதை சுருங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது. நீட்டும்போது தசைநாண் இழுபட்டு அந்த இரண்டாவது குரல் மறுபடி எழுகிறது. தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் 1997இல் முன்வைத்த விளக்கம் இது. இன்று பலரும் ஏற்பது இதைத்தான்.

ஆனால் நம்மில் பலருக்கு இன்னும் "உப்புக் குறைஞ்சிருச்சு" என்பதுதான் ஒரே விளக்கம். அது வானத்திலிருந்து விழுந்த எண்ணம் இல்லை. 1920களில் இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்குக் கை கால் இழுத்தபோது, வெறும் தண்ணீர் குடித்து வியர்வையில் போன உப்பை ஈடுகட்டாததுதான் காரணம் என்று கண்டார்கள். உப்புத் தண்ணீர் கொடுத்ததும் குறைந்தது. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போகும்போது தூக்குச்சட்டியில் உப்புப் போட்ட நீராகாரம் கொண்டுபோவார். அவர் செய்தது சரிதான். காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, மதியம் வரை மர வரிசைகளில் நிரை நிரையாக நடந்து வியர்வை கொட்டுகிற உடம்புக்கு அது தேவை. நம் ஊரில் விடியற்காலையிலும் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலராமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஓடி முடித்ததும் சட்டையில் வெள்ளைக் கோடு படிகிறவர்கள் உப்பை அலட்சியம் செய்யக் கூடாது.

சரி, அப்படியானால் உப்புக் குறைந்தால் உடம்பு முழுக்கத்தானே இழுக்க வேண்டும்? எங்கள் அண்ணனுக்கு ஏன் அதிகம் உழைத்த அந்த ஒரு கெண்டைக்கால் மட்டும்? இதே கேள்வியோடு ஷ்வெல்னஸும் அவர் குழுவினரும் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் நெடும்போட்டியின் 210 போட்டியாளர்களைக் கவனித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சதை இழுத்தவர்களுக்கும் இழுக்காதவர்களுக்கும் இரத்தத்தின் சோடியத்திலோ உடம்பின் நீர் இழப்பிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முன்பே இழுத்த அனுபவம் உள்ளவர்களுக்கும், அன்று கூடுதல் வேகத்தில் போனவர்களுக்கும்தான் அதிகம் இழுத்தது.

அதனால் பெரிய தவறு ஓட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பே நடந்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். பினாங்குப் பாலத்து ஓட்டம் பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் வரும். அதற்கு முன்னே தீபாவளி. பலகாரம், விருந்து, உறவினர் வீடு என்று இரண்டு மூன்று வாரம் காலணியையே தொட மாட்டோம். அப்புறம் பதற்றத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 10 கிலோமீட்டரிலிருந்து 18க்குத் தாவுவோம். போட்டி நாளில் கூட்டமும் விளக்கும் கைதட்டலும் சேர்ந்து, பயிற்சியில் ஒருநாளும் ஓடாத வேகத்தில் முதல் 5 கிலோமீட்டரை ஓடிவிடுவோம். நெஞ்சும் மூச்சும் ஈடுகொடுக்கும், கெண்டைக்கால் கொடுக்காது. எங்கள் அண்ணனும் அன்று தன்னைவிட இருபது வயது இளைய தம்பிகளோடு போட்டி போட்டுக்கொண்டுதான் அந்த மேட்டில் ஏறினார்.

விட்டுப்போன பயிற்சியை ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். போட்டியில் ஏற்றம் இருந்தால் பயிற்சியிலும் ஏற்றம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டு வாசற்படியில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்கி மறுபடி உயர்த்துங்கள். முதலில் இரண்டு காலில், பழகிய பிறகு ஒற்றைக் காலில். களைப்பைத் தாங்கும் பலம் கெண்டைக்காலுக்கு அப்படித்தான் வரும். எந்தப் பானமும் அதைத் தராது.

பயந்துபோய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது ஆபத்தான தவறு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. பெரும்பாலும் ஓடும்போது அதிகமாகக் குடித்து, எடை கூடி முடித்தவர்கள். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடியுங்கள், போதும். நீண்ட ஓட்டத்தில் 100 பிளஸ் போன்ற பானம் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் தரும். நீரிழிவு உள்ளவர்கள் அந்தச் சர்க்கரையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாழைப்பழம் நல்ல உணவு, ஆனால் இழுத்துக்கொண்ட காலுக்கு மருந்து இல்லை. அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் கொஞ்சமாவது கூட ஒரு மணி நேரம் ஆகும்; இழுப்பு அதற்கு வெகு முன்பே விட்டுப்போயிருக்கும். மெக்னீசியம் மாத்திரை ஓட்டக்காரர்களின் இழுப்பைத் தடுக்கும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. வெள்ளரிக்காயை ஊறவைத்த வினிகர் நீருக்கு மட்டும் ஒரு சுவையான சோதனை உண்டு. 2010இல் அமெரிக்காவில் மின்தூண்டலால் கால் பெருவிரல் சதையை இழுக்கவைத்துக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்தபோது இருந்ததைவிட ஏறத்தாழ 49 வினாடி முன்னதாக விட்டது. இரத்தத்தில் கலக்க நேரமே இல்லை என்பதால், தொண்டையில் படும் புளிப்பு நரம்பு வழியாக இழுப்பை அடக்குகிறது என்று கருதுகிறார்கள். வீட்டு மாங்காய் ஊறுகாயில் எண்ணெயும் மிளகாயும்தான் அதிகம், அதை ஓடும்போது முயல வேண்டாம். எங்களில் சிலர் 'அசாம் போய்' என்னும் புளிப்பும் உப்புமான உலர்பழத்தை வாயில் வைத்துக்கொள்கிறார்கள். வாய்க்கு நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா (குவினைன்) மாத்திரை கால் இழுப்புக்கு நல்லது என்று பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். இதயத் துடிப்பையும் இரத்தத் தட்டுகளையும் அது கெடுக்கலாம் என்பதால், கால் இழுப்புக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் சில மருந்துகளாலும் சதை இழுக்கலாம். அடிக்கடி இழுத்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இழுப்பு விட்டதும் எழுந்து பழைய வேகத்தில் ஓடினால் அதே இடத்தில் இன்னும் பலமாக இழுக்கும். சில நிமிடம் நடந்து பார்த்து, பிறகு மெதுவாக ஓடுங்கள். ஒரே கெண்டைக்கால் நாள் கணக்கில் வீங்கி வலித்தால் அது வெறும் சதைப்பிடிப்பாக இருக்காது, இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். உடம்பு முழுக்க இழுத்தாலும், வாந்தி வந்தாலும், ஆள் குழம்பிப் பேசினாலும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓடிய மறுநாள் சிறுநீர் கோப்பி ஓ (பால் கலக்காத காப்பி) நிறத்தில் போனாலும் அதேதான். சதை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள்.